மூன்றாவது பாட்டில் ஒரு குமிழ்

கோயில் ஸ்பீக்கர்காரனுக்கு பேஸ், அதாவது கனத்த அடிச்சத்தம், என்றாலே ஆகாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, எங்கள் தொழில் அப்படி. கண்டியில் மணிக்கூட்டுச் சந்தியிலிருந்து சற்று உள்ளே தள்ளி எனக்கு ஓர் ஒலிபெருக்கிக் கடை இருந்தது. திருவிழா, கல்யாணம், சடங்கு, தொழிற்சங்கக் கூட்டம் என்று எது வந்தாலும் செட் கொடுப்பேன். நானே கூடப் போய், கம்பி இழுத்து, மைக் வைத்து, முடியும்வரை சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

தேயிலைத் தோட்டத்துக் கோயில்களில் ஹோர்ன் என்று சொல்லும் புனல் ஸ்பீக்கர்களை உயரமான மரத்தில் கட்டி, வாயைப் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பிவிடுவோம். கீழே நிற்பவன் காதைப் பொத்திக்கொண்டாலும் கவலையில்லை. எதிர் மலையில் இருக்கும் தொழிலாளர் லயத்துக்குக் கேட்க வேண்டும். மறுநாள் அங்கிருந்து யாராவது வந்து, "ஒங்க சாமி பாட்டு எங்க வீட்டு வாசல்ல கேட்டுச்சு" என்று சொன்னால்தான் கோயில் கமிட்டிக்கு நிம்மதி. சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கனத்த சத்தம் அவ்வளவு தூரம் போகாது. போகாதது மட்டுமில்லை, ஹோர்னுக்குள் இருக்கும் மெல்லிய தகட்டையும் கிழித்துவிடும். அதனால் மிக்சரை ஆன் செய்ததும் நான் செய்கிற முதல் வேலை, பேஸ் குமிழை இடப்பக்கம் முழுதாகத் திருப்புவதுதான். கோயில் வாசலில் கால் தானாகச் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, கை தானாக அதைச் செய்யும். இந்தக் கையோடுதான் நான் ஒரு ரொக் இசைக் குழுவுக்கு சவுண்ட் பார்க்கப் போனேன்.

எங்கள் தெருவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியின் மகன் அந்தக் குழுவில் மெட்டை வாசிக்கும் லீட் கிட்டார்க்காரன். அவன்தான் வந்து கேட்டான்.

"அண்ணன், எங்கட குழுவுக்கு ஒங்கட செட்டத் தருவீங்களா? சும்மா வேணாம், நீங்களும் வரணும்."

துணிக்கடை மாடியில் சரக்கு அறைதான் அவர்கள் பயிற்சி செய்யும் இடம். சுற்றிலும் சேலைக் கட்டுகளும் சீத்தைத் துணிச் சுருள்களும் கூரை முட்ட அடுக்கியிருக்கும். அங்கே எவ்வளவு போட்டு அடித்தாலும் சத்தத்தைத் துணி குடித்துவிடும், தெருவுக்கு ஒன்றும் வராது. பாடுகிறவர் ஒரு பாடசாலை ஆசிரியர். ட்ரம்ஸ் அடிப்பவன் பேராதனைப் பக்கத்துச் சிங்களப் பையன். நான்காவது ஆள், நாலே தடித்த கம்பி உள்ள பேஸ் கிட்டார் வாசிப்பவன். மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து வந்து நகரசபையில் கிளார்க்காக இருந்தான். தண்ணீர் பில் எழுதுகிற வேலை. மேடையில் அவனைக் கண்டதும் கூட்டத்தில் யாராவது "தண்ணி பில், தண்ணி பில்" என்று கத்துவார்கள். அவன் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வான். ஒல்லி, நெட்டை. வாசிக்கும்போது ஜனங்களைப் பார்க்கமாட்டான், ட்ரம்ஸ்காரனின் வலது காலையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

முதல் நாளே என் கை தன் வேலையைக் காட்டியது. இரண்டு பாட்டு முடிந்ததும் அவன் மெதுவாக என்னிடம் வந்தான்.

"அண்ணே, நான் வாசிக்கறது எங்கண்ணே போகுது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் செட்டில் குறை சொல்ல இவன் யார் என்று நினைத்தேன்.

"தம்பி, ஒங்க நாலு கம்பிக்காக என் ஸ்பீக்கரக் கிழிச்சுக்க முடியாது. கிட்டார் கேக்குதுல்ல, பாட்டு கேக்குதுல்ல. அது போதும்."

அவன் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காததும் பிடித்ததும். அடுத்த கிழமை பயிற்சியின் நடுவே, எல்லாரும் மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒன்றும் சொல்லாமல் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டான். அன்று அவனுடைய சின்ன அம்ப்ளிபயரைக் கொண்டுவந்து வைத்திருந்ததால் அதுவரை பேஸ் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எடுத்ததும் பாட்டு நிற்கவில்லை. கிட்டார் இருந்தது, குரல் இருந்தது, ட்ரம்ஸ் இருந்தது. ஆனால் எல்லாம் ஒன்றுக்கொன்று தெரியாத ஆட்கள் போல ஆளுக்கொரு பக்கம் நின்றன. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னமோ கொறையுதே" என்றேன்.

"அதாண்ணே நான்" என்றான்.

அன்றிலிருந்து எனக்குக் காது கொஞ்சம் திறந்தது என்று சொல்ல வேண்டும். ரொக் பாட்டில் பேஸ்காரன் என்ன செய்கிறான் என்று நான் பார்க்கத் தொடங்கினேன். ஒரு கூட்டத்தில் நூறு பேர் பாட்டைக் கேட்டு ஆடினால், கிட்டாரைப் பற்றியும் பாடகரைப் பற்றியும்தான் வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள். ஆடவைத்தது யார் என்று அவர்களுக்கே தெரியாது. ட்ரம்ஸின் பெரிய முரசில் கால் விழுகிற அதே நொடியில் பேஸ் கம்பியிலும் விரல் விழுந்தால் அது சத்தமாக அல்ல, ஒரு தள்ளலாக நெஞ்சில் வந்து நிற்கும். அதை மண்டபத்தில் உள்ளவர்களுக்குக் கொண்டுசேர்ப்பது என்னைப் போன்றவன் கையில் இருக்கிறது. மேடையில் அவன் என்னதான் வாசித்தாலும், நான் விட்டால்தான் அது கீழே கதிரையில் உட்கார்ந்திருப்பவனுக்குப் போகும். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டேன். தெரியாமல் செய்த பிழை என்று பிறகு சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லாமல் போனது இதனால்தான்.

ஹோர்னில் பேஸ் வராது என்று தெரிந்தபின் பெட்டி செய்ய முடிவெடுத்தேன். கெலிஓயாவில் ஒரு தச்சர் இருந்தார். பதினைந்து அங்குல ஸ்பீக்கர் இரண்டைக் கொழும்பிலிருந்து எடுத்து, அவரிடம் கொண்டுபோய், அளவு எழுதிக் கொடுத்தேன். அவர் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னாங்க, அலுமாரியா, ஆளப் போட்டுப் பொதைக்கிற பொட்டியா?"

இரண்டு பெட்டியும் என் நெஞ்சு உயரத்துக்கு வந்தன. கறுப்பு பெயின்ட் அடித்து, முன்னால் வலை போட்டு, கடையின் நடுவில் நிறுத்திவைத்தேன். என் மனைவி, "இதுக்குத் தனியா ஒரு வீடு பாருங்க" என்றாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஊரில் வேறு யாரிடமும் இப்படி ஒன்று இல்லை. குழுவின் மேல் இருந்த ஆசையைவிட அந்தப் பெட்டிகளின் மேல் எனக்கு ஆசை அதிகம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெட்டிகள் வந்த கிழமையில்தான் பேஸ்காரன் தன் தகப்பனாரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். காது காட்டுவதற்காக மடுல்கெல்லயிலிருந்து டவுனுக்கு வந்திருந்தார். வெள்ளை வேட்டி, மேலே பழைய கோட்டு, கையில் குடை. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இஞ்சின் ரூமில் முப்பது வருஷம் நின்றவர். இஞ்சின் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. காதுக்கு இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

நான் பலமாக, "வாங்க, ஒக்காருங்க" என்றேன். அவர் என் வாயைப் பார்த்துச் சிரித்தார்.

"சத்தமாப் பேசுனா கேக்காதுண்ணே" என்றான் மகன். "பொம்பளைங்க பேச்சு, பிள்ளைங்க பேச்சு, மணி, ஒன்னும் கேக்காது. அடிக்குரல்ல பேசுனா கொஞ்சம் புரியும். லொறி வந்தா நமக்கு முன்னாடி அவருக்குத் தெரியும். கனத்த சத்தம் மட்டுந்தான் இன்னும் மிச்சம்." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான்: "நான் மொதல்ல சாதா கிட்டார் தான்ணே வாசிச்சேன். அப்பாவுக்குக் கேக்கலன்னுதான் இதுக்கு மாறுனேன்."

அவனை மேலும் கீழும் பார்த்தேன். இவ்வளவு நாளும், லீட் வாசிக்கத் தெரியாதவன்தான் பேஸ் வாசிப்பான் என்று மனதில் ஒரு இளக்காரம் எனக்கு இருந்தது. அது அப்போதுதான் போனது.

அவன் கிட்டாரைப் பெட்டியோடு இணைத்தான். தகப்பனாரின் கையைப் பிடித்து, உள்ளங்கை படும்படி பெட்டியின் பக்கப்பலகையில் வைத்தான். பிறகு வாசித்தான். முதலில் மிக மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு, ஒரே சுரம். பிறகு இடைவெளி குறைந்தது. பிறகு இன்னும் வேகமாக, ஒரே சீராக ஓடத் தொடங்கியது. பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சுருங்கியது. உதடு அசைந்தது.

"டேய்" என்றார். "இது நம்ம இஞ்சின்டா."

காலையில் ஸ்டோர் இஞ்சினைச் சுழற்றிவிட்டால் அது திணறித் திணறி எழும்பி ஓடுகிற சத்தம் அது. மகன் அதையே ஒரு பாட்டுக்கு அடியாக வைத்திருந்தான். குழு சொந்தமாகச் செய்த ஒரே தமிழ்ப் பாட்டு அதுதான். நடுவில் மற்றவர்கள் நிறுத்திவிட, பேஸும் ட்ரம்ஸும் மட்டும் அந்த இஞ்சினை ஓட்டும்.

"டவுன்ல ஹோல்ல எங்க நிகழ்ச்சி வருது, நீங்க வாங்கப்பா" என்று அடிக்குரலில் சொன்னான் மகன்.

பெரியவர் கையைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் தலையாட்டினார். போகும்போது என்னைக் கும்பிட்டார். "நல்ல பொட்டி" என்றார். எனக்கு அவ்வளவு போதும், உச்சி குளிர்ந்துவிட்டது.

நிகழ்ச்சியைச் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தார்கள். அந்தக் காலத்தில் யுத்தத்தால் நாடு இருந்த இருப்பில் இருட்டிய பிறகு யாரும் வெளியே நிற்க விரும்பவில்லை. கடைசி பஸ்ஸும் வேளையோடேயே போய்விடும். பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போனபோது சோதனைச் சாவடியில் இறக்கச் சொல்லி, பின்பலகையைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். பலகையைத் திரும்ப முடுக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போகும்போதே எனக்குப் பாதி உயிர் போயிருந்தது. மண்டபத்துக்குப் பழைய மரத்தளம். பேஸுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது, கால் வழியாகவே ஏறும்.

தொடங்குமுன் பேஸ்காரன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, அப்பா வந்திருக்காரு. வலது பக்கத்துப் பொட்டிக்குப் பக்கத்துல ஒக்கார வச்சிருக்கேன். பேஸ மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க."

"நீ போ தம்பி, நான் இருக்கேன்ல" என்றேன்.

கறண்ட் கம்பி எட்டாததால் மிக்சரை மண்டபத்தின் வலப்பக்கச் சுவரோரம்தான் வைக்க முடிந்தது. அங்கிருந்து பெரியவரை நன்றாகப் பார்க்கலாம். முதல் வரிசையின் ஓரத்தில் அதே கோட்டோடு இருந்தார். செருப்பைக் கழற்றிக் கதிரைக்கு அடியில் வைத்துவிட்டு வெறும் காலைத் தளத்தில் ஊன்றியிருந்தார். வலது கையை நீட்டிப் பெட்டியின் பலகையில் வைத்திருந்தார்.

முதல் இரண்டு பாட்டு அருமையாகப் போனது. பெரியவரின் தலை தாளத்துக்கு மெல்ல ஆடியது. பக்கத்துக் கதிரை ஆளிடம் திரும்பி ஏதோ சொல்லி, மேடையைக் கையால் காட்டினார். என் மகன் என்று சொல்லியிருப்பார். அதைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது பாட்டு தொடங்கியது. அதுதான் இஞ்சின் பாட்டு. அவன் முதல் சுரத்தை இழுத்ததுமே வலது பெட்டிப் பக்கமிருந்து 'கர்ர்' என்று ஓர் ஒலி கேட்டது. அடுத்த சுரத்துக்கும் 'கர்ர்'. ஸ்பீக்கர் கிழிகிறது என்று முடிவுகட்டிவிட்டேன். மறுநாள் காலை தெல்தெனியவில் ஒரு பெரிய கல்யாணம். இந்தப் பெட்டிகளைக் காட்டித்தான் அந்த வேலையைப் பிடித்திருந்தேன். கிழிந்தால் கொழும்பிலிருந்து வேறு ஸ்பீக்கர் வர ஒரு மாதம்.

எழும்பிப் போய்ப் பார்த்திருக்கலாம். பத்து அடி தூரம். நிறைந்த மண்டபத்தின் முன்னால் குனிந்து பெட்டியை மோந்து பார்த்தால் செட் பழுதாகிவிட்டது என்று ஊர் சொல்லுமே என்ற வீம்பு என்னை எழும்பவிடவில்லை. கோயிலில் ஹோர்ன் கரகரத்தால் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். கை தானாகப் போனது. பேஸ் குமிழை இடப்பக்கம் முழுதாகத் திருப்பினேன். கரகரப்பு நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

பாட்டு நிற்கவில்லை. மேடையில் பேஸ்காரனுக்குப் பின்னால் அவனுடைய சின்ன அம்ப்ளிபயர் இருந்ததால் அவன் வாசிப்பது அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் மேடையை விட்டு அந்தச் சத்தம் இறங்கவில்லை. பேஸும் ட்ரம்ஸும் மட்டும் வாசிக்கும் இடம் வந்தது. கூட்டத்துக்கு ட்ரம்ஸ் மட்டும்தான் கேட்டது. ட்ரம்ஸ் பையன் தனியாக அடிக்கிறான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். பேஸ்காரன் கண்ணை மூடிக்கொண்டு, விரல் கம்பியில் ஓட ஓட, தன் வாழ்நாளில் முதல் முறையாகக் கூட்டத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றான்.

பெரியவர் கையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். உள்ளங்கையைப் பார்த்தார். கோட்டில் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தார். கொஞ்சம் மேலே வைத்துப் பார்த்தார், கொஞ்சம் கீழே வைத்துப் பார்த்தார். மேடையில் மகனின் விரல்களைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். முடியும்வரை அப்படியேதான் இருந்தார்.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பார்த்தும், அடுத்த பாட்டில் கொஞ்சம் கூட்டிவிடலாம், அடுத்ததில் கூட்டிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். தெல்தெனியக் கல்யாணம்தான் கண்முன்னால் நின்றது. கடைசிப் பாட்டுவரை குமிழ் இடப்பக்கமேதான் இருந்தது.

முடிந்ததும் அவன் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடிவந்தான்.

"பேஸ் எப்படிண்ணே இருந்துச்சு?"

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் கொஞ்சம் கோபித்திருப்பான். அவ்வளவுதான். தகப்பனாரை அங்கேயே கூட்டிவந்து, பெட்டியில் கைவைக்கச் சொல்லி, இரண்டு நிமிஷம் வாசித்துக் காட்டியிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஹோலே அதிர்ந்துச்சு தம்பி."

அவன் முகம் மலரும் என்று பார்த்தேன். ஒரு கணம் மலர்ந்தது. பிறகு தகப்பனார் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். அவரிடம் போய்விட்டான். அவர்களுக்கு ஊர்ப்பக்கம் போகும் வத்தேகம பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் கம்பி சுருட்டிக்கொண்டே வாசல் வழியாகப் பார்த்தேன். படியில் நின்று பெரியவர் ஏதோ கேட்டார். மகன் கையை வீசி ஏதோ சொன்னான். திரும்பவும் கேட்டார். மகன் தன் காதைத் தொட்டுக் காட்டி, உரக்கச் சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. பெரியவர் குடையை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

வலது பெட்டியைத் தூக்க இழுத்தபோதுதான் கண்டேன். பெட்டிக்கும் மேடைப் பலகைக்கும் நடுவில் யாரோ குடித்துவிட்டு வைத்த வெறும் சோடாப் போத்தல் ஒன்று நின்றது. பெட்டியைத் தட்டினேன். போத்தல் பலகையில் உரசி 'கர்ர்' என்றது. ஸ்பீக்கரில் ஒரு கீறல்கூட இல்லை.

அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஆனால் அந்த ஆத்திரம் படியிறங்கி பஸ் நிலையத்துக்கு ஓடவில்லை. கோபக்காரன் என்று பேர் எடுத்தவனுக்கு, கோபம் வரவேண்டிய இடத்தில் கால் எழும்பவில்லை.

பத்து நாள் கழித்து அவன் கடைக்கு வந்தான்.

"நான் இனி வரலண்ணே. வேற ஆள் பாத்துக்கங்கன்னு அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

"ஏன் தம்பி?"

"அப்பாவுக்குக் காது முழுசாப் போயிருச்சு. கனத்த சத்தமும் கேக்கல. அன்னைக்கு ஹோலே அதிர்ந்துச்சுன்னு நீங்களே சொன்னீங்க. நம்ம இஞ்சின் பாட்டு அவருக்குத் தெரியலையாம். இனி யாருக்குண்ணே வாசிக்கறது?"

வாய் வரைக்கும் வந்தது. வந்து நின்றுவிட்டது. இப்போது சொன்னால் பத்து நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே என்று யோசித்தேன். அது ஒரு வருஷமானபோது, ஒரு வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே என்று யோசித்தேன். இப்படித்தான் நாட்கள் என் வாயைக் கட்டிக்கொண்டே போயின.

"அன்னைக்கு கேசட்ல பதிஞ்சீங்கல்ல, அதையாவது தாங்க" என்றான்.

மிக்சரிலிருந்து நேரே பதிந்த கேசட் அது. முதல் இரண்டு பாட்டில் அவன் இருப்பான், மூன்றாவதிலிருந்து இருக்கமாட்டான். கேட்டால் குட்டு உடைந்துவிடும். "நாடா சிக்கிப்போச்சு தம்பி" என்றேன். அவன் போனதும் அதே கேசட்டில் பிள்ளையார் பாட்டைப் பதிந்து, அடுத்த திருவிழாவுக்கு ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். சீ, இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

குழு வேறு ஒரு பேஸ்காரனோடு ஒரு வருஷம் ஓடியது. பிறகு லீட் கிட்டார்க்காரன் தகப்பனின் கடையைப் பார்க்கப் போய்விட்டான். ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தது. நான் அதற்குப் பிறகும் பல மேடைகளுக்கு சவுண்ட் பார்த்தேன். எங்கே போனாலும் மிக்சரைச் சுவரோரம் வைப்பதை விட்டுவிட்டு, மண்டபத்தின் நடுவிலே ஜனங்களோடு உட்காரப் பழகினேன். ஏதாவது கரகரத்தால் முதலில் எழும்பிப் போய்ப் பெட்டியைப் பார்ப்பேன். பேஸ் வாசிப்பவர்கள் என்னைத் தேடி வந்து, "நீங்க இருந்தா எங்களுக்கு நிம்மதி" என்று சொல்வார்கள். அந்தப் பாராட்டு எனக்கு உடம்பில் ஒட்டியதே இல்லை.

அவனை அடிக்கடி தெருவில் காண்பேன். நகரசபையில் உயர்ந்த இடத்துக்கு வந்திருந்தான். கல்யாணம் ஆகி, தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கண்டால் நின்று, "சுகமாண்ணே" என்று கேட்பான். பேஸ் கிட்டாரை விற்றுவிட்டதாக ஒரு முறை சொன்னான். நான் கண்டும் காணாததுபோல் போய்விட நினைத்த நாட்கள் உண்டு. அவன்தான் வலிய வந்து கதைப்பான்.

ஒரு நாள் காலையில் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான், தகப்பனார் போய்விட்டார் என்று. பன்வில வழியாக பஸ்ஸில் ஏறி மடுல்கெல்லவுக்குப் போனேன். லயத்துக்கு முன்னால் தகரப் பந்தல் போட்டு, கதிரைகள் அடுக்கியிருந்தார்கள். தப்பு அடிப்பவர்கள் கீழ்ப்படியில் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரை அதே கோட்டோடு கிடத்தியிருந்தார்கள். நான் மாலையை வைத்துவிட்டுக் கைகளைப் பார்த்தேன். கட்டியிருந்தார்கள்.

மகன் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பந்தல் ஓரத்தில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தான். சாவு வீட்டில் நாலு பேர் இருக்கும்போது சொல்லலாமா என்று யோசித்தேன். இன்னும் எதற்காக யோசிக்கிறேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. சொன்னேன். குமிழ், போத்தல், கல்யாணம், கேசட், எல்லாவற்றையும். அடிக்குரலில், நிறுத்தாமல் சொன்னேன்.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டால் நல்லது என்றும் இருந்தது. அவன் ஒரு கேள்விதான் கேட்டான்.

"எந்தப் பாட்டுல கொறைச்சீங்க?"

"மூணாவதுல. இஞ்சின் பாட்டுல."

"மொத ரெண்டுலயும் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு தம்பி."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு ஹோல் படியில நின்னு அவர் கேட்டாருண்ணே. 'மொத ரெண்டு பாட்டும் நல்லாத் தெரிஞ்சுச்சு. நம்ம இஞ்சின் பாட்டுலேருந்து ஏன்டா வாசிக்காம கைய அசைச்சிக்கிட்டு நின்ன?'ன்னு கேட்டாரு. நான் பெருசா வாசிச்சிட்டோம்னு இருந்தவன், எனக்கு வந்திச்சு கோவம். 'நான் வாசிச்சேன், ஒங்க காதுதான் செத்துப் போச்சு'ன்னு கத்துனேன். திரும்பவும் கேட்டாரு. திரும்பவும் கத்துனேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அத நம்பிட்டாருண்ணே. அதுக்குப் பொறகு லொறி வந்தாக்கூட அவரா எழும்பமாட்டாரு. காலுக்கடியில அதிர்றது தெரியும், மொகத்துல தெரியும் தெரியுதுன்னு. ஆனா என்னைப் பாத்து, 'நெசமாவே சத்தம் வருதாடா'ன்னு கேப்பாரு. நான் ஆமான்னு தலையாட்டினாத்தான் நம்புவாரு. போன கிழமை வரைக்கும் கேட்டாரு."

அவன் அழவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்து தேத்தண்ணிக் கோப்பை தெரியாமல் போனது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கவேண்டியவர் உள்ளே கிடந்தார்.

யாரோ வந்து அவனைக் கூப்பிட்டார்கள். அவன் எழும்பி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். தப்பு வேகம் பிடித்தது. தகரப் பந்தலின் கால்கள், கதிரைகள், நான் காலூன்றியிருந்த மண், எல்லாம் அதிர்ந்தன.

"வாங்கண்ணே, தூக்கப் போறாங்க" என்றான்.